கொண்டை ஊசி

வாத்தியார் குனிந்து, அக்காவின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த அத்தை பாதி ஜெபத்திலேயே நின்றுபோனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் யாரையும் லட்சியம் செய்யவில்லை. சவப்பெட்டியைச் சுற்றிப் போய் அடுத்ததை ஊதினார். அதற்கு அடுத்ததையும் ஊதினார்.

"என்னங்க பண்றீங்க?" மனைவி ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"இதை யாரு ஏத்தினது?"

"முதல்ல நிமிருங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். யாரு ஏத்தினதுன்னு கேட்டேன்."

மனைவியின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். நேற்றிலிருந்து நாற்காலி போடுவதும் ஃபோன் எடுப்பதும் அவன்தான். யாரும் சொல்லாத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிற ஆள். "நான்தான் அத்தான். கடையில வாங்கின மெழுகுவர்த்தி எல்லாம் தீர்ந்துபோச்சு. திரும்ப வாங்கப் போலாம்னு கிளம்புறேன், சமையலறை அலமாரி மேல ஒரு தட்டு நிறைய இது இருக்கு. அக்கா கையால செஞ்சதை அக்காவுக்கே ஏத்தினா எவ்வளவு பொருத்தம்னு தோணுச்சு. நினைச்ச உடனே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

புல்லரித்தது அவனுக்கு மட்டுமில்லை. அத்தை ஏற்கெனவே அதற்காக ஒரு தடவை அழுது முடித்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனில் படம்கூட எடுத்திருந்தார். முட்டை ஓட்டுக்குள் எரிகிற சின்னச் சின்னச் சுடர்கள், நடுவில் அக்கா. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்து அலுவலகத்துக்கும் பாதிரியாரிடமும் அலைந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த வாத்தியாரின் கண்ணில் மட்டும் கருகுகிற ஓடுகள்தான் பட்டன.

"இது அவளுக்கு இல்ல. அந்த விடுதிப் பொண்ணுங்களுக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்கு."

"சரி, அதுக்காக அணைக்கணுமா?" என்றாள் அத்தை. "செத்தவ தலைமாட்டுல வெளிச்சத்தை ஊதி அணைச்சவனை நான் இப்பத்தான் பார்க்கறேன். கூடப் பொறந்த பொறப்பா நீ?"

வாத்தியார் அணைத்தவற்றைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். அலமாரித் தட்டில் பாதிக்கு மேல் தப்பித்திருந்தன. எரிந்தவற்றில் சில, திரி கருத்ததோடு சரி. ஏழெட்டு மட்டும் அடிவரை போய், ஓடு கருகி வெடித்திருந்தது.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி ஆயுசை ஓட்டியவர். சினிமா பார்க்கும்போதும் அவர் வலது கால் சும்மா இருக்காது. நேற்று மத்தியானம் அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு டீ போடேன்" என்று தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டு, டீ கொதிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டாள். அப்போதிலிருந்து அந்தக் கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. எதையோ நிறுத்தப் பார்க்கிற மிதி அது. நின்றபாடில்லை.

அக்கா ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருட்களைப் பாதுகாக்கும் அறையில் வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டுப் பின்னறையிலேயே இருந்துவிட்டாள். குடை, பெட்டி, கண்ணாடிக்கெல்லாம் சொந்தக்காரர்கள் தேடி வருவார்கள். உதிர்ந்த பொத்தானுக்கும் ஒற்றைத் தோட்டுக்கும் யார் வருவார்? கெடு முடிந்ததும் குப்பைக்குப் போகிறதைக் கேட்டு வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். ஓய்வு பெற்றபோது டப்பா நிறைந்திருந்தது. "என் உத்தியோகத்துல மிஞ்சினது இதுதான்டா" என்று குலுக்கிக் காட்டினாள்.

அதன் பிறகுதான் மெழுகுப் பைத்தியம் பிடித்தது. பார்வையில்லாத பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் சர்ச்சில் பாடுவது அந்தப் பெண்கள்தான். பாடும்போது மற்றவர்களைப் போலத் தங்கள் கையிலும் மெழுகுவர்த்தி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களாம். அக்கா பேக்கரியிலிருந்து முட்டை ஓடுகளை வாங்கிவந்து, கழுவிக் காயவைத்து, அதில் மெழுகு வார்த்தாள். ஒவ்வொரு ஓட்டிலும் டப்பாவிலிருந்து ஒரு சாமான் ஒட்டினாள். ஒருத்திக்குப் பச்சைப் பொத்தான், ஒருத்திக்கு ஒற்றை ஜிமிக்கி, ஒருத்திக்குப் பெட்டிச் சாவி. விரலால் தடவினாலே தன்னுடையது எது என்று தெரிந்துவிடும். தெருவில் அவளுக்கு முட்டையக்கா என்று பெயர் வந்தது.

"கண்ணு தெரியாதவங்களுக்கு மெழுகுவர்த்தி எதுக்கு?" என்று ஒருமுறை வாத்தியார் கேட்டார்.

"கிட்ட வெச்சா முகத்துல சூடு தெரியுதுல்ல?" என்றாள் அக்கா. "அது போதும்கறாங்க. உனக்கு என்ன வந்தது?"

அவருக்கு வந்தது மானப் பிரச்சினை. மெழுகுக்கு அக்கா காசு கொடுத்ததில்லை. சர்ச்சில் அணைந்த துண்டுகளைப் பொறுக்குவாள். போதாதென்று சாவுக்குப் போன இடத்திலும் விடமாட்டாள். கல்லறையில் எல்லோரும் ஏற்றிவிட்டுத் திரும்பியதும், இவள் பின்தங்கி, எரிந்து முடிந்த அடிக்கட்டைகளைத் துணிப்பையில் போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் வாத்தியார் முன்னதாகவே போய் வண்டியைக் கிளப்பிவைத்துக்கொண்டு ஹாரன் அடிப்பார்.

ஃபோன் அடித்தது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா.

"சார், அடக்கத்துக்கு நான் மட்டும் வந்துடறேன். பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ஒருத்தியும் பாடமாட்டா. பாட்டு முடிஞ்சதும் பக்குவமா சொல்லிக்கறேன். மெழுகுவர்த்தியைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. கடையில வாங்கிக்கலாம்."

"வேணாம்மா. வந்துடும்."

"எது சார்?"

"மெழுகுவர்த்தி. எல்லாருக்கும் வந்துடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மச்சானைக் கூப்பிட்டு, கடையிலிருந்து நல்ல மெழுகுவர்த்தி வாங்கிவந்து தலைமாட்டில் ஏற்றச் சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு இறங்கினார். "எங்க போறான் இவன்?" என்று அத்தை கேட்பது காதில் விழுந்தது. வண்டியின் தலையில் 'பழகுநர் வாகனம்' என்ற பலகை இருந்தது. கழற்றக்கூட நேரமில்லை.

பேக்கரியில் தெருவரைக்கும் கூட்டம். அத்தனை பேருக்கும் கேக் அன்றைக்கே வேண்டும். வாத்தியார் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனார். பேக்கரிக்காரர் முண்டா பனியனோடு பெரிய பாத்திரத்தில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கடையைச் சாத்த முடியல சார். மன்னிச்சுக்குங்க. அடக்கத்துக்குக் கண்டிப்பா வந்துடுவேன்."

"அதுக்கு வரல. ஓடு வேணும். பத்துப் பதினைஞ்சு இருந்தாப் போதும்."

பேக்கரிக்காரர் ஜன்னலைக் காட்டினார். முட்டை அட்டையில் கழுவின ஓடுகள் வாயை மேலே வைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் கூர்ப்பக்கம் மட்டும் சின்னதாகத் திறந்திருந்தது.

"டிசம்பர் வந்தா கூர்ப்பக்கம் தட்டித்தான் உடைக்கணும், வயித்துல அடிக்கக் கூடாதுன்னு அக்கா உத்தரவு. நேத்தே சேதி வந்துடுச்சு சார். இனிமே யாரு கேக்கப் போறாங்கன்னு தெரியும். ஆனா கை கேக்க மாட்டேங்குது. காலையிலேர்ந்து அப்படியேதான் தட்டுது. நீங்களே பாருங்க." அவர் இன்னொன்றை எடுத்துக் கூர்ப்பக்கம் தட்டினார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வாத்தியாரால் அங்கே நிற்க முடியவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு, நன்றி சொன்னாரா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் வண்டிக்கு வந்தார்.

வீட்டில் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் புகுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அக்காவின் அலுமினியச் சட்டியில் நேற்றைய மெழுகு மிச்சம் உறைந்திருந்தது. கூடவே அடிக்கட்டைகளையும் போட்டார். மனைவி உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கூடத்துல பொணத்தைப் போட்டுட்டு இங்க என்னங்க இது? உங்களைக் காணோம்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"தலைவலின்னு சொல்லு."

"உங்களுக்கு ஊத்தத் தெரியுமா முதல்ல?"

"பார்த்திருக்கேன்."

"எங்க பார்த்தீங்க? அக்கா சட்டியை எடுத்தாலே நாத்தம் தாங்கலன்னு வாசல்ல போய் நிப்பீங்க. நானும் என் பாத்திரத்தை எல்லாம் பாழாக்கறாங்கன்னு கத்துவேன். அப்படித்தானே இருந்தோம் ரெண்டு பேரும்?"

அவர் கரண்டியால் சட்டியைக் கிளறினார். மெழுகு உருகியது. திரியை ஓட்டுக்குள் விட்டு ஊற்றினார். திரி துவண்டு உள்ளே விழுந்தது. விரலால் எடுக்கப் போய்ச் சுட்டுக்கொண்டார். இன்னொன்றில் ஊற்றினார். அதுவும் விழுந்தது. அவர் கால் தரையை மிதித்தது. கூடத்தில் யாரோ புதிதாக வந்து ஓவென்று அழுதார்கள். வாத்தியார் அடுத்த திரியை எடுத்தார்.

"அப்படி நிக்காது," என்றாள் மனைவி. குரல் இறங்கியிருந்தது. "கொண்டை ஊசி நடுவுல திரியைக் கவ்வவிட்டு, ஊசியை ஓட்டு வாய் மேல படுக்க வெப்பாங்க. மெழுகு இறுகினப்புறம் உருவிடுவாங்க."

"ஊசி எங்க?"

மனைவி தரையைப் பார்த்தாள். "உருவின ஊசியை எல்லாம் கொண்டையிலதான் செருகிப்பாங்க. அதான் அவங்க பழக்கம். நேத்து தலை வாரிவிட்டது நான்தானே. ஊசி முழுக்க மெழுகு. எடுத்துட்டு வேற வைக்கலாம்னு பார்த்தேன், மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்."

"நீ போய் எடுத்துட்டு வா."

"நான் மாட்டேன்."

சட்டியில் மெழுகு புகையத் தொடங்கியது. மனைவி அடுப்பைத் தணித்தாள். வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

அத்தை அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைமாட்டில் கடை மெழுகுவர்த்திகள் நேராக நின்று எரிந்தன. வாத்தியார் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அக்காவின் தலையில் போட்டிருந்த வெள்ளைத் துணிக்கு அடியில் கையை விட்டார். நேற்றிலிருந்து அவளை அவர் தொடவே இல்லை. தூக்கியது, குளிப்பாட்டியது, கிடத்தியது எல்லாம் மற்றவர்கள். அவருக்கு எப்போதும் வெளியில் ஏதோ ஒரு வேலை இருந்தது.

விரலில் முதல் ஊசி தட்டுப்பட்டது. மெழுகு படிந்து முடியோடு ஒட்டியிருந்தது. வலிக்குமோ என்று மெதுவாக அசைத்தார். வலிக்காது என்று நினைவு வந்ததும் இன்னும் மெதுவாக எடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததைத் தேடினார். கொண்டை முழுவதும் ஊசிதான். இவ்வளவு ஊசியையும் தலையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்குவாளோ. கேட்டதில்லை. முடி இவ்வளவு நரைத்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரியாது. குனிந்தபோது அந்த வாசனை வந்தது, எது ஆகாது என்று வாசலில் போய் நிற்பாரோ அதே வாசனை. "அக்கா, கொஞ்சம் இரு, ஆயிடுச்சு" என்று முணுமுணுத்தார். கண்ணீர் மூக்கு நுனி வழியாகச் சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கூடம் இளகிவிட்டது. "பாருங்க, தலையைத் தடவிக்கிட்டே இருக்கான்," என்று அத்தை பெருங்குரலெடுத்து அழுதாள். "உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டு வெளிய காட்டத் தெரியாத பொறப்பு. பெத்தவளுக்கு மேல பார்த்துக்கிட்டாளே உன்னை!" மச்சான் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். வாத்தியாரின் விரல்கள் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தன. கடைசி ஊசியும் வந்ததும் கொண்டை சரிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் மெழுகுவர்த்திக்கு முறுக்கி வைத்திருந்த திரிநூல் இருந்தது. கொண்டையை அவரிடமிருந்து வாங்கி, சுருட்டி, அந்த நூலால் இறுக்கிக் கட்டி, வெள்ளைத் துணியைச் சரிசெய்தாள்.

அதன் பிறகு இருவரும் சமையலறைக்குத் திரும்பினார்கள். அவர் ஊசியில் திரியைக் கவ்வவைத்தார், அவள் ஊற்றினாள். சில ஓடுகள் சாய்ந்து மெழுகு ஒரு பக்கமாக இறுகியது. கருகின ஓடுகளிலிருந்து பொத்தானையும் ஜிமிக்கியையும் சாவியையும் கத்தி முனையால் பெயர்த்துப் புது ஓட்டில் ஒட்டினார்கள். பாதியில் பெட்டியை மூடப்போவதாகக் கூப்பிட்டார்கள். பிசின் ஒட்டின விரலோடு போய் அக்காவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாதிரியார் ஜெபத்தைச் சற்று நீட்டினார். வாத்தியாருக்கு நிலைகொள்ளவில்லை. வெயில் சாய்வதையும் மண் வெட்டியின் வேகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் முதல் ஆளாக வண்டிக்கு வந்து கிளப்பினார். மனைவியைக் காணோம். ஹாரனில் கையை வைத்தவர், எடுத்துவிட்டார்.

அவள் தாமதமாகத்தான் வந்தாள். உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வண்டிக்குள் அந்த மெழுகு வாசனை எழுந்தது. அவர் கியரை மாற்றினார். வீட்டுக்குப் போய், ஊசிகளை அவசர அவசரமாக உருவிப் பையில் போட்டுக்கொண்டு, தட்டை மனைவியின் மடியில் ஏற்றி, சர்ச்சுக்கு வண்டியை விட்டார்.

பெண்கள் ஏற்கெனவே பீடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். விடுதி அம்மா தட்டைப் பார்த்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கு எது என்று காதோரமாகச் சொன்னாள். அவரே ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்துக்கொண்டு போனார். ஒருத்தி பொத்தானைத் தடவிச் சிரித்தாள். ஒருத்தி ஜிமிக்கியை ஆட்டிப் பார்த்துக் காதோரம் வைத்துக் கேட்டாள். முன்வரிசையில் கடைசியாக நின்ற உயரமான பெண்ணுக்குச் சாவி. பாட்டை எடுத்துக்கொடுப்பவள் அவள்தான்.

கட்டைவிரலால் சாவியைக் கண்டுபிடித்தவள் முகம் சுளித்தாள். "தலைகீழா இருக்கே. அக்கா எப்பவும் வளையம் மேல வர்ற மாதிரி ஒட்டுவாங்க. இது யாரு செஞ்சது?"

"நான்தாம்மா."

"நீங்க யாரு?"

"அவங்க தம்பி."

"ஓ, கார் ஓட்டச் சொல்லித் தர்றவரா? இந்த வாசனைக்குப் பயந்து வாசல்ல போய் நிப்பீங்களாமே!" பக்கத்தில் நின்றவள் களுக்கென்று சிரித்தாள். சாவிக்காரி மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றித் தடவினாள். "ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. பரவாயில்ல, முதல் தடவைதானே? அடுத்த வருஷம் நல்லா வரும்."

வாத்தியார் சரியென்று தலையை ஆட்டினார். அது அவளுக்குத் தெரியாது என்பதும் அப்போது தோன்றவில்லை.

அவள் விரல் திரியின் அடியில் நின்றது. "இது என்ன? ஊசியை எடுக்கவே இல்லையா?" மெழுகுக்குள் பாதி புதைந்திருந்த கொண்டை ஊசியை நகத்தால் கிளறி, அசைத்து, உருவிவிட்டாள். விரல்களுக்கு நடுவில் வைத்து அதன் வளைவைத் தடவினாள். "அக்காவோடதுதானே?"

"ஆமாம்மா." அவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"இருக்கட்டும். அக்கா வந்தா நானே குடுத்துடறேன்," என்று சொல்லி அவள் அதைத் தன் காதுக்கு மேலே முடியில் செருகிக்கொண்டாள்.

விளக்குகளை அணைத்தார்கள். விடுதி அம்மா வரிசையாகத் திரிகளைப் பற்றவைத்துக்கொண்டு வந்தாள். கோணல் மெழுகுவர்த்தியும் பற்றிக்கொண்டது. அந்தப் பெண் முகத்தைச் சூட்டுக்கு நேராகக் கொண்டுபோய் ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, மூச்சை இழுத்து, முதல் வரியைத் தொடங்கினாள். அவள் காதுக்கு மேலே இருந்த ஊசியில் மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்தது.